விசில் ஊதினால் பதற வேண்டாம்: பெண்கள் வாட்டர் போலோவுக்கு ஓர் அறிமுகம்

குளத்தில் இறங்குவதற்கு முன் வீராங்கனைகள் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் நீட்டுவார்கள். நடுவர் ஒவ்வொருவரின் விரல் நுனியையும் தடவிப் பார்ப்பார். நகம் வளர்ந்திருந்தால் வெட்டிவிட்டு வரச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நடந்த அதே சோதனைதான். உலகின் மிகப் பெரிய விளையாட்டு விழாவில், தங்கப் பதக்கத்துக்கு ஆட வந்தவர்களுக்கும் இது உண்டு.

அவர்கள் அணிந்திருக்கும் நீச்சல் உடையையும் கவனியுங்கள். முதுகுப் பக்கம் ஜிப் வைத்து, தடித்த துணியில், உடம்போடு ஒட்டினாற்போல் தைத்திருக்கும். எதிரணிக்காரியின் விரலுக்கு ஒரு மடிப்புகூட அகப்படக் கூடாது என்பதற்காக. காதுகளை மறைக்கும் பிளாஸ்டிக் மூடிகளோடு கூடிய தொப்பி. அதைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள். வெட்டிய நகம், பிடி கொடுக்காத உடை, மூடிய காது: தண்ணீருக்குள் என்ன நடக்கப் போகிறது என்பதற்கு இவை மூன்றும் போதுமான சாட்சி.

குளத்தில் நீந்தியபடியே பந்தை எதிரணியின் கோலுக்குள் எறியும் ஆட்டம்தான் வாட்டர் போலோ. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போதுதான் நான் அதை முதன்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் பத்து நிமிடம் எரிச்சலாகத்தான் இருந்தது. விடாமல் விசில் சத்தம். ஆனால் விசில் ஊதியும் ஒருவரும் நிற்பதாகத் தெரியவில்லை. யார் தவறு செய்தார், யாருக்குப் பந்து கிடைத்தது, ஏன் ஒருத்தி மட்டும் மூலைக்கு நீந்திப் போகிறாள் என்று எதுவும் பிடிபடவில்லை. ஒரே ஒரு விதி புரிந்த பிறகு மற்றதெல்லாம் தானாக விளங்கியது. அந்த விதிக்கு வருவதற்கு முன் அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸுக்குப் பிறகு சில விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். இங்கே நான் தருவது பாரிஸ் கணக்கு.

பெண்கள் ஆடும் களம் 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஓர் அணிக்குக் குளத்தில் ஏழு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். கோல் 3 மீட்டர் அகலம். நீர்மட்டத்துக்கு மேலே 90 சென்டிமீட்டர் உயரம். ஓர் அணி வெள்ளைத் தொப்பி, இன்னொன்று கருநீலம்; இரண்டு கோல்கீப்பர்களுக்கும் சிவப்பு. எட்டு எட்டு நிமிடமாக நான்கு பகுதிகள். பந்து ஆட்டத்தில் இல்லாத நேரமெல்லாம் கடிகாரம் நின்றுவிடுவதால் 32 நிமிட ஆட்டம் முடிய ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பந்தின் எடை ஒன்றுதான், 400 முதல் 450 கிராம். பெண்கள் பந்தின் சுற்றளவு மட்டும் சற்றுக் குறைவு. கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தை இரண்டு கையாலும் பிடிக்கக் கூடாது.

ஆழம்? குறைந்தது 2 மீட்டர். அதாவது ஆட்டம் முடியும் வரை யாருக்கும் கால் தரையில் படாது. ஓரச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கவும் அனுமதியில்லை. பிறகு எப்படி நிற்கிறார்கள்? கிணற்றிலும் ஆற்றிலும் நீச்சல் பழகியவர்களுக்கு நிலைநீச்சல் தெரிந்திருக்கும். இருந்த இடத்திலேயே காலை உதைத்துத் தலையை மேலே வைத்துக்கொள்வது. வாட்டர் போலோவின் உயிர் அதுதான், ஆனால் ஒரு படி மேலே. உட்கார்ந்த நிலையில் முழங்காலை மடக்கி, வலது கால் ஒரு பக்கமும் இடது கால் எதிர்ப்பக்கமும் மாறி மாறி வட்டமடிக்க வேண்டும். தயிர் கடையும் மத்து இரண்டை எதிரெதிராகச் சுழற்றுவதைப் போல. இதைப் பழகியவருக்கு இரண்டு கையும் விடுதலை. பந்தை எறியும் நொடியில் இந்தச் சுழற்சியை வேகமாக்கி இடுப்பு வரை தண்ணீருக்கு மேலே எழும்புவார்கள். தொலைக்காட்சியில் நீருக்கடியில் வைத்த கேமராவின் காட்சியைக் காட்டும்போது மேலே இருக்கும் முகத்தையும் கீழே சுழலும் கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நம்ப முடியாது.

இனி அந்த விதி. பந்தைக் கையில் பிடித்திருப்பவரை எதிரணி இழுக்கலாம், அமுக்கலாம், முதுகில் ஏறி மூழ்கடிக்கலாம். பந்தைக் கையிலிருந்து விட்டுவிட்டால் அவரைப் பிடிக்கக் கூடாது. பந்து அவர் மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தாலும், கை அதன்மேல் இல்லையென்றால் அவரைப் பிடிப்பது தவறு. நம் மனம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான ஏற்பாடு இது. பந்தை வைத்திருப்பது ஆபத்து, விடுவது பாதுகாப்பு. அதனால்தான் நெருக்கடி வந்ததும் வீராங்கனை பந்தைச் சட்டென்று விட்டுவிட்டுக் கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டுகிறாள். தடுக்கிற பக்கத்தாரும் அடிக்கடி இரண்டு கைகளையும் உயர்த்துவார்கள். ‘பாருங்கள், நான் எதையும் பிடிக்கவில்லை’ என்று நடுவருக்குச் சொல்வது அது. அந்த நேரத்தில் அவர்களுடைய முழங்கால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

தவறுகளில் இரண்டு வகை. சிறிய தவறுக்கு ஒரு சிறிய விசில். பாதிக்கப்பட்ட அணி அந்த இடத்திலிருந்தே பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடரும். யாரும் அணிவகுத்து நிற்க மாட்டார்கள், யாரும் காத்திருக்க மாட்டார்கள். நான் எரிச்சலடைந்த விசில்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். கால்பந்தில் விசில் என்றால் ஆட்டம் நின்றது என்று பொருள். இங்கே ‘பந்து அவளுக்கு, நடக்கட்டும்’ என்று பொருள். பெரிய தவறு என்பது பந்து இல்லாதவரைப் பிடித்து இழுப்பது, அமுக்குவது. அதைச் செய்தவர் 20 நொடி வெளியே போக வேண்டும். அப்படி மூன்று முறை போனவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப வரவே முடியாது. அவருக்குப் பதில் வேறொருவர் இறங்குவார்.

ஒரு முப்பது நொடியை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஏன் முப்பது? பந்து கையில் வந்த அணி அந்த நேரத்துக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். முதல் ஏழெட்டு நொடி எதிர்ப் பக்கத்துக்கு நீந்துவதிலேயே கழியும். அங்கே போனதும் தாக்கும் அணி வில்லைப் போல வளைந்து நிற்கும். அந்த வில்லின் நடுவே, கோலுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, ஒருத்தி கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். அவள்தான் சென்டர். அவள் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு தடுப்பாட்டக்காரி. குளத்திலேயே வலுவான இரண்டு பேர் பெரும்பாலும் இவர்களாகத்தான் இருப்பார்கள். வெளியே பந்து கைமாறிக்கொண்டிருக்கும். இவர்கள் இருவரும் அதைப் பார்ப்பதுகூட இல்லை. ஒருத்தி இடுப்பால் இடம் பிடிக்கப் பார்க்கிறாள், மற்றவள் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கிறாள். பதினைந்தாவது நொடியில் சென்டர் தன் தோளால் ஒரு கை அகலம் இடம் பிடித்துவிட்டாள் என்று வையுங்கள். வெளியே இருப்பவள் உடனே பந்தை அவளுக்கு முன்னால் தண்ணீரில் போடுவாள். இப்போது தடுப்பாட்டக்காரிக்கு இரண்டே வழி: சென்டர் திரும்பி எறிய விடுவது, அல்லது இழுப்பது. அவள் இழுக்கிறாள். நீண்ட விசில். கை நீட்டி நடுவர் காட்டும் திசையில், தன் அணியின் மூலைக்கு அவள் நீந்திப் போகிறாள்.

இப்போது ஆறு பேருக்கு எதிராக ஐந்து பேர். கடிகாரத்தில் 20 நொடி. தாக்கும் அணி நான்கு பேரைக் கோலுக்கு அருகே ஒரு வரிசையாகவும் இருவரை வெளியே இன்னொரு வரிசையாகவும் நிறுத்தும். பந்து தண்ணீரைத் தொடாமல் கைக்குக் கை பறக்கும். தடுக்கும் ஐந்து பேரும் ஒரு கையை வானத்துக்கு நீட்டியபடி எழும்பி எழும்பித் தாழ்வார்கள். கோல்கீப்பர் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு நகர வேண்டும். ஆறாவது அல்லது ஏழாவது கைமாற்றத்தில் அவர் அரை நொடி பிந்துவார். பந்து உள்ளே. பெரிய ஆட்டங்களில் இந்த 20 நொடி வாய்ப்புகளை யார் அதிகம் கோலாக்கினார், யார் அதிகம் தடுத்தார் என்ற கணக்கைப் பார்த்தாலே ஆட்டம் ஏன் அப்படி முடிந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆட்டம் போதும், போட்டித் தொடருக்கு வருவோம்.

பாரிஸில் பத்து அணிகள் ஆடின. ஐந்து ஐந்தாக இரண்டு பிரிவு. முதல் பிரிவில் ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, ஹங்கேரி, கனடா, சீனா. இரண்டாவதில் ஸ்பெயின், அமெரிக்கா, இத்தாலி, கிரீஸ், பிரான்ஸ். பத்தில் ஆறு ஐரோப்பா என்பதைக் கவனியுங்கள். இந்த ஆட்டத்தின் புவியியல் அது. பிரிவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும். வென்றால் 3 புள்ளி. சமனில் முடிந்தால் பெனால்டி எறிதல். அதில் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. இப்படி இருபது ஆட்டங்கள் ஆடி முடித்த பிறகு ஒவ்வொரு பிரிவிலும் கடைசி அணி மட்டும் வீட்டுக்குப் போகும். சீனாவும், போட்டியை நடத்திய பிரான்ஸும் போயின. இரண்டே அணிகளைக் கழிக்க இருபது ஆட்டமா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் இந்த ஏற்பாடு உவப்பானதல்ல.

ஆனால் பிரிவு ஆட்டங்களை அலட்சியம் செய்த அணிக்குத் தண்டனை உண்டு. அது தாமதமாக வரும். காலிறுதியில் ஒரு பிரிவின் முதல் அணி மற்றதன் நான்காவது அணியோடு மோதும். இரண்டாவது அணி மூன்றாவதோடு. அமெரிக்கா தன் பிரிவில் ஸ்பெயினிடம் 11–13 என்று தோற்றது. அதனால் இரண்டாம் இடம். விளைவைப் பாருங்கள்: முதலிடம் பிடித்த ஸ்பெயினுக்குக் காலிறுதியில் கனடா கிடைத்தது, 18–8 என்று சுலபமாகக் கடந்தது. அமெரிக்காவுக்கு வாய்த்தது ஹங்கேரி. நான்கு பகுதிகளும் சேர்ந்து ஒன்பதே கோல். 5–4 என்று மூச்சு முட்டித்தான் கரையேறியது. எட்டு நாள் முன்னால் விட்ட இரண்டு கோலுக்கு வட்டி.

அந்த அமெரிக்க அணியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2012 லண்டன், 2016 ரியோ, கொரோனாவால் 2021-இல் நடந்த டோக்கியோ என்று வரிசையாக மூன்று ஒலிம்பிக் தங்கம். லண்டன் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா அடித்த எட்டு கோலில் ஐந்தை அடித்தவர் 19 வயது மேகி ஸ்டெஃபன்ஸ். பாரிஸுக்கு வந்தபோது ஒலிம்பிக் பெண்கள் வாட்டர் போலோவில் அவரைவிட அதிக கோல் அடித்தவர் யாருமில்லை. கோலுக்கு முன்னால் ஆஷ்லி ஜான்சன். ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்கப் பெண்கள் வாட்டர் போலோ அணியின் முதல் கறுப்பின வீராங்கனை. மூன்று தங்கம் வென்ற அணி என்றால் பணத்தில் மிதப்பார்கள் என்றுதான் நினைப்போம். பாரிஸுக்குச் சில மாதங்களுக்கு முன் ஸ்டெஃபன்ஸ் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டார். தன்னையும் சேர்த்து ஒலிம்பிக்கில் ஆடுபவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவது மூன்றாவது வேலை பார்த்துத்தான் ஆட்டத்தைத் தொடர வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்து உதவ முன்வந்தவர் எந்த விளையாட்டுப் பொருள் நிறுவனமும் அல்ல, ஃப்ளேவர் ஃப்ளேவ் என்ற ராப் பாடகர். கழுத்தில் பெரிய கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொள்பவர். அணிக்கு ஆதரவாளராக ஒப்பந்தம் போட்டு, பாரிஸ் வரை வந்து அரங்கில் உட்கார்ந்து கத்தினார்.

இரண்டு அரையிறுதிகளும் பெனால்டி எறிதலில் முடிந்தன. முன்பெல்லாம் கூடுதல் நேரம் உண்டு. 2004 ஏதென்ஸ் இறுதியில் இத்தாலி கிரீஸை 10–9 என்று வென்றது அப்படித்தான். இப்போது நேராகப் பெனால்டிதான். ஐந்து மீட்டர் தூரத்திலிருந்து இரு அணியிலும் ஐவர் மாறி மாறி எறிய வேண்டும். அப்போதும் சமன் என்றால் ஒருவருக்கொருவர் என்று தொடரும். இந்த ஆட்டத்தில் பெனால்டி கோல்களையும் மொத்தத்தில் சேர்த்து எழுதும் வழக்கம் உண்டு. புதியவர்களைக் குழப்புவது இது. ஸ்பெயின் நெதர்லாந்தை 19–18 என்று வென்றது என்று படித்தால், ஆட்டம் 14–14, பெனால்டி 5–4 என்று பிரித்துப் படிக்க வேண்டும். ஆஸ்திரேலியா அமெரிக்காவை 14–13 என்று வென்றது என்றால், ஆட்டம் 8–8, பெனால்டி 6–5. ஐந்து பேர் எறிந்து ஆறு கோல் வராது. ஆக அந்த ஆட்டம் ஐவரோடும் முடியாமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று எண்ணிலிருந்தே தெரிந்துவிடும்.

நான்காவது தங்கம் போனது. அமெரிக்காவுக்கு வெண்கலமாவது கிடைக்கும் என்று பார்த்தால், நெதர்லாந்தின் சப்ரீனா வான் டெர் ஸ்லோட் கடைசி நொடியில் எறிந்த பந்து உள்ளே போய் 11–10. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் ஆஸ்திரேலியாவை 11–9 என்று வென்றது. நடந்த இடம் ஒரு ரக்பி அரங்கம். உள்ளே தற்காலிகமாகக் குளம் கட்டி, முதலில் நீச்சல் போட்டிகளை நடத்திவிட்டுப் பிறகு வாட்டர் போலோவுக்குக் கொடுத்திருந்தார்கள். ஸ்பெயின் அணியில் லௌரா எஸ்தெர், அன்னி எஸ்பார், பிலி பெனியா, மைக்கா கார்சியா ஆகிய நால்வரும் லண்டனில் வெள்ளி வாங்கியவர்கள், டோக்கியோவில் மறுபடியும் வெள்ளி வாங்கியவர்கள். இரண்டு முறையும் தோற்றது அமெரிக்காவிடம். பயிற்சியாளர் மிகி ஓகா 1996-இல் வீரராகவே ஒலிம்பிக் தங்கம் வென்றவர். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து அவர்கள் வாங்கிய தங்கம் அது.

காத்திருப்பு என்றதும் ஆஸ்திரேலியாவைச் சொல்ல வேண்டும். ஆண்கள் வாட்டர் போலோ 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. பெண்களுக்கு உலகச் சாம்பியன்ஷிப் 1986-இல் மாட்ரிட்டில்தான் தொடங்கியது. முதல் பட்டம் ஆஸ்திரேலியாவுக்கு. ஒலிம்பிக்? கதவு மூடியே இருந்தது. 2000-இல் சிட்னியில் ஒலிம்பிக் என்று முடிவானதும் ஆஸ்திரேலிய வீராங்கனைகள் விடவில்லை. ஒலிம்பிக் அதிகாரிகள் வந்து இறங்கும் விமான நிலையத்துக்கே நீச்சல் உடையில் போய் நின்றார்கள். கடைசியில் பெண்களுக்கு இடம் கிடைத்தது, ஆறே ஆறு அணிகளுக்கு. ஆண்கள் ஆடி நூறு ஆண்டு கழித்து.

அந்த முதல் இறுதி ஆட்டம் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும். முடிய 13 நொடி இருக்கும்போது அமெரிக்காவின் பிரெண்டா வில்லா அடித்து 3–3 என்று சமன் செய்தார். சொந்த ஊர்க் கூட்டம் வாயடைத்துப் போயிருக்கும். ஆஸ்திரேலியாவுக்குத் தூரத்தில் ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் எறிதல், கிடைத்தது. இவெட் ஹிக்கின்ஸ் அதை யாருக்கும் கொடுக்காமல் நேராகக் கோலுக்கே எறிந்தார். கடிகாரத்தில் 1.3 நொடி மீதம். 4–3. விமான நிலையத்தில் போய் நின்றதற்கு இதைவிட நல்ல பதிலை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

அதன் பிறகு ஆறு எட்டானது, டோக்கியோவில் பத்தானது. பாரிஸிலும் ஆண்களுக்குப் பன்னிரண்டு, பெண்களுக்குப் பத்துதான். 2028 லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கும் பன்னிரண்டு என்று ஒலிம்பிக் குழு 2025-இல் அறிவித்திருக்கிறது.

அதுவரை காத்திருக்க வேண்டாம். உலகச் சாம்பியன்ஷிப்பில் பதினாறு அணிகள் ஆடுகின்றன. 2025-இல் அது சிங்கப்பூரில் நடந்தது. கிரீஸ் ஹங்கேரியை 12–9 என்று வென்றது. அங்கே நான்கு நான்காக நான்கு பிரிவுகள். முதலிடம் வந்தால் நேராகக் காலிறுதி. இரண்டாம், மூன்றாம் இடத்தவர் ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடித்தான் அங்கே போக முடியும். ஒலிம்பிக் ஏற்பாட்டைவிட இது நியாயமாக எனக்குத் தோன்றுகிறது. ஆசிய விளையாட்டில் 2010 குவாங்சோவிலிருந்து பெண்கள் ஆடுகிறார்கள். இதுவரை நான்கு முறையும் தங்கம் சீனாவுக்குத்தான்.

முதன்முறை பார்க்க உட்காருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. முதல் எட்டு நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். கோலுக்கு முன்னால் முதுகைக் காட்டி நிற்கும் சென்டரையும், அவள் முதுகில் ஒட்டியிருப்பவளையும் மட்டும் பாருங்கள். பாரிஸ் இறுதி ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் மைக்கா கார்சியாவிலிருந்து தொடங்கலாம். தடுப்பாட்டக்காரியின் இரண்டு கைகளும் தண்ணீருக்கு மேலே இருக்கின்றனவா, ஒன்று காணாமல் போய்விட்டதா என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒரு கை மறைந்து, சென்டரின் தொப்பி லேசாகப் பின்னால் சாயும்போது, நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.